இந்த டேங்க் முடியட்டும்

வண்டியில் ஏறியதும் அவர் முதலில் செருப்பைக் கழற்றுவார். கழற்றி, ஒரு துணிப்பையில் போட்டு, சீட்டுக்குப் பின்னால் வைத்துவிடுவார். அதற்கப்புறம்தான் ஸ்டார்ட் பொத்தானை அழுத்துவார். வண்டி உயிர்பெற்றதற்கு அடையாளமாக எந்தச் சத்தமும் வராது. பேட்டரியிலும் பெட்ரோலிலும் மாறி மாறி ஓடும் ஹைப்ரிட் கார் அது. முதல் நாள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த நான், இன்னும் கிளம்பவில்லை என்று நினைத்துக் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். தலைநிமிர்ந்தபோது தெருமுனை தாண்டியிருந்தது.

"செருப்பை எதுக்கு மேடம் கழட்டறீங்க?" என்று கேட்டேன்.

"செருப்பு போட்டா பெடல் சொல்றது காலுக்குக் கேக்காது" என்றார்.

பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. பீன்யாவில் இருவருக்கும் ஒரே கம்பெனி. எந்திரங்களுக்கு உதிரி பாகங்கள் செய்யும் இடம். நான் பர்ச்சேஸில் இருந்தேன். அவர் குவாலிட்டியின் தலைமை. எங்கள் கம்பெனியில் பெண்கள் முப்பது பேருக்கு மேல் இருந்தோம். ஆனால் வெறுமனே 'மேடம்' என்று யாராவது சொன்னால் அது அவர் ஒருவரைத்தான் குறிக்கும். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் பேசும் தமிழில் கன்னடம் தானாகக் கலந்து வரும். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு ஆரம்பத்தில் அது சிரிப்பாக இருந்தது. இரண்டு வருடத்தில் நானும் 'சும்மா'வுக்குப் பதில் 'சும்னே' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

முன்சீட்டில் செந்தில் இருப்பான். கொரகுண்டேபாளையாவில் இறங்கிக்கொள்ளும் மென்பொருள்காரன், திருநெல்வேலிப் பையன். மேடத்தின் அடுக்ககத்திலேயே மேல்மாடியில் குடியிருந்தான். காலையில் ஏழரைக்குக் கிளம்பி, சில்க் போர்டு, பனசங்கரி, நாகரபாவி வழியாக வெளிவட்டச் சாலையில் ஊரையே பாதி சுற்றி, ஒன்பது மணிக்குப் பீன்யா. சாயங்காலம் அதே வழியில் திரும்பல். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் அந்த வண்டிக்குள்தான் வாழ்ந்தோம்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு கிறுக்கு. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பச்சையில் தெரியும் எண். பீன்யாவில் வண்டியை நிறுத்தியதும் அதை வாய்விட்டுப் படிப்பார்.

"இருபத்தி மூணு புள்ளி எட்டு."

படித்துவிட்டுச் சிரிப்பார். அல்லது உதட்டைப் பிதுக்குவார். அதை வைத்து அன்றைக்கு அவரிடம் கையெழுத்து வாங்கப் போகலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

முன்னால் போகும் வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவில் ஒரு மினி லாரி நிற்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் ஓட்டுவார். இந்த ஊரில் அப்படி இடம் விட்டால் என்ன ஆகும்? ஆட்டோ நுழையும். அதன் பின்னால் இரண்டு பைக். அப்புறம் ஒரு டெம்போ. மேடம் மறுபடி பின்வாங்கி இடம் விடுவார். மறுபடி யாராவது நுழைவார்கள். ஒருநாள் செந்தில் எண்ணிக்கொண்டே வந்தான். சில்க் போர்டிலிருந்து பனசங்கரி வருவதற்குள் முப்பத்தொரு வண்டி.

"மேடம், நாம ரிவர்ஸ்ல போறோமா?" என்றான்.

"நோடி, அங்க பாரு, சிக்னல் சிவப்பு. ஓடிப்போய் சும்னே நிக்கணும். எதுக்குப்பா?"

தூரத்தில் சிவப்பு தெரிந்தாலே காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக உருண்டு உருண்டு வேகம் குறையும். அப்படிக் குறையும்போது சக்கரம் சுழலும் விசை வீணாகாமல் பேட்டரிக்குள் போய்ச் சேரும் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவசரப்பட்டு வேகமாகப் போய் அழுத்தி மிதித்தால், சேர வேண்டியது பிரேக்கிலேயே சூடாகிப் போய்விடுமாம். பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அலறும். அவர் முட்டையை மிதிப்பது போல் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். என்ஜின் எழுந்துகொள்ளாமல் பேட்டரியிலேயே வண்டி நகர்ந்தால் அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் அறையைக் கடந்துவிட்டவர் போல.

ஊரே சபிக்கும் சில்க் போர்டு சந்திப்பை விரும்பிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

"எல்லார் வண்டியும் ஜாம்லதான் குடிக்கும். என் வண்டி ஜாம்லதான் பட்டினி கெடக்கும்" என்பார்.

ஒருநாள் பி.டி.எம். அருகே ஒரு வெள்ளைக் கார் நீளமாக ஹாரன் அடித்து, எங்களைப் பார்த்துக் கையை ஆட்டித் திட்டிவிட்டுப் பறந்தது. ஒரு மணி நேரம் கழித்து சுமனஹள்ளி சிக்னலில் அதே கார் எங்களுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. செந்தில்தான் பார்த்துவிட்டுத் துள்ளினான். "மேடம், மேடம், அவன்தான்!" மேடம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "பாவம், அவருக்கு இன்னைக்குப் பத்து கூட வந்திருக்காது" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு திங்கட்கிழமை. வண்டியில் ஏறினால் மேடத்தின் முகம் தொங்கிப் போயிருந்தது.

"பதினேழு" என்றார்.

"யாருக்கு மேடம்? உங்க பொண்ணுக்கா?" என்றான் செந்தில்.

"எங்க வீட்டுக்காரர் நேத்து மல்லேஸ்வரம் போய்ட்டு வந்தது பா. பதினேழு! ஏசி ஃபுல்லு. பாட்டு வேற. வாயைத் தொறந்து கேக்கலை. நான் எண்ணைப் பாத்தேன், அவர் என்னைப் பாத்தார். ஆயித்து."

அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் அவரும் கடைசியில் சேர்ந்துகொண்டார்.

காசை மிச்சம் பிடிக்கத்தான் இப்படிச் செய்கிறார் என்று கம்பெனியில் பேசிக்கொள்வார்கள். அப்படி இல்லை. எங்களிடம் பெட்ரோலுக்குப் பங்கு வாங்கவே மாட்டார். எனக்குப் புரிந்த வரையில் அது அவருடைய வேலையிலிருந்து வந்தது. அவர் நாள் முழுக்க அளந்துகொண்டிருந்தவர். குளிரூட்டிய ஓர் அறையில், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத வித்தியாசங்களைக் கண்டுபிடிப்பவர். ஒருமுறை புஷ் எனப்படும் உலோக வளையங்களில் ஒரு லாட் முழுவதையும் நிராகரித்துவிட்டார். வாசலில் லாரி நிற்கிறது. புரொடக்‌ஷன் மேனேஜர் அவருடைய அறைக்கே வந்து கெஞ்சினார். நான் வேறொரு கையெழுத்துக்காக அங்கே நின்றிருந்தேன்.

"ரெண்டே மைக்ரான் மேடம். ஒரு தலைமுடியோட கம்பேர் பண்ணா எவ்வளவு சின்னது!"

"தலைமுடியோட எதுக்கு சார் கம்பேர் பண்றீங்க? டிராயிங்கோட பண்ணுங்க" என்றார் மேடம். லாரி காலியாகத்தான் போனது.

இப்போது நான் பொம்மனஹள்ளியிலேயே மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் மாறி, பீன்யாவில் இறங்குகிறேன். ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. குளுகுளுவென்று இருக்கிறது. யாரும் யாரோடும் பேசுவதில்லை. சிலசமயம் ரயில் நிலையத்துக்குள் நுழையும்போது மெதுவாக, ஒரு குலுக்கலும் இல்லாமல் வேகம் குறைந்து நிற்கும். அப்போது மட்டும், ஓட்டுவது யார் என்று எட்டிப் பார்க்கத் தோன்றும்.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்லிமுடிக்க முடியாது.

திங்கட்கிழமை காலைகளில் கிளம்புவதற்கு முன்னால் நான்கு சக்கரத்துக்கும் காற்று பார்ப்பார். சொந்தமாக ஒரு கேஜ் வைத்திருந்தார். வண்டி ஓடினால் டயர் சூடாகி அளவு ஏறிக் காட்டும், அதனால் பங்க்கில் போய்ப் பார்ப்பதெல்லாம் கணக்கில்லை என்பார். கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முப்பத்திமூன்று என்றிருந்தால் இவர் முப்பத்தியாறு வைப்பார். காற்று குறைந்த டயர் ரோட்டில் சப்பையாகப் படிந்து வண்டியைப் பின்னால் இழுக்குமாம். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் வழுக்கிக்கொண்டு உருளுமாம்.

அந்த வண்டி வாங்கி நான்காவது வருடம், எண் ஏற ஆரம்பித்தது. இருபத்தி நான்கைத் தாண்டியது. இருபத்தைந்து. ஒருநாள் சாயங்காலம் வீடு திரும்பியபோது இருபத்தைந்து புள்ளி ஆறு. செந்தில் கைதட்டினான். எப்படி மேடம் என்று கேட்டோம்.

"டயரு பா" என்றார். "புது டயர்ல பட்டன், அந்த ரப்பர் கட்டைங்க, உயரமா இருக்கும். ரோட்டுல படறப்போ ஒவ்வொரு பட்டனும் மடங்கி மடங்கி எழும். அதுக்கே பாதி பெட்ரோல் போயிடும். தேய தேய, மடங்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. லேசா உருளும்."

"அப்போ மொட்டை டயர்தான் பெஸ்ட்டா?" என்றான் செந்தில்.

"எண்ணுக்கு பெஸ்ட்டு."

அப்படித்தான் சொன்னார். எண்ணுக்கு என்று. ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னவரும் கவனிக்கவில்லை, கேட்ட நாங்களும் கவனிக்கவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் அந்த நாட்களில் ஒரே குறி இருந்தது. ஒரு டேங்க் முழுக்க, போட்டது முதல் தீர்வது வரைக்கும், இருபத்தியேழு. எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டிருந்தது. சாப்பாட்டுப் பையில் தண்ணீர் பாட்டிலைக் குறைத்தேன். பின்சீட்டு ஜன்னலை நானே ஏற்றிவிட்டுக்கொள்வேன், காற்று உள்ளே வந்தால் வண்டியை இழுக்கும் என்று. ஏப்ரல் மாத வெயிலில் ஏசி போடச் சொல்லிச் செந்தில் ஒருநாளும் கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை. தெருமுனையிலேயே ஓர் ஆணி குத்திவிட்டது. பஞ்சர் கடைக்காரர் தருமபுரிக்காரர், எங்கள் எல்லோருக்கும் பழக்கம். சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தவர், ஆணியைப் பிடுங்காமல் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், மாத்திடுங்க. நாலும் முடிஞ்சிபோச்சி."

"மாத்தறேன் பா. இந்த டேங்க் முடியட்டும்" என்றார் மேடம். அன்றைக்கு எண் இருபத்தியாறு புள்ளி நான்கு. முந்தின வாரம்தான் பெட்ரோல் நிரப்பியிருந்தார். அவர் குரலில் ஒரு கொண்டாட்டம் இருந்தது.

அப்போது அவருக்கு கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே வண்டியின் முன்பக்கமாகப் போய், கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தபடி நின்றார். செந்தில் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அக்கா, இங்க வாங்க. இந்தக் கோட்டுல நகத்த வச்சிப் பாருங்க."

வைத்தேன். நகத்தின் வெள்ளை கூட முழுசாக இறங்கவில்லை.

"பள்ளம் இருந்தாதான்கா தண்ணி அது வழியா வெளிய போவும். இதுல தண்ணிக்குப் போக எடமே இல்ல. ஒரு மழை பேஞ்சா வண்டி நிக்காது. நான் சொன்னா மேடம் சிரிக்கறாங்க. நீங்க பொம்பளைக்குப் பொம்பளை, எடுத்துச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

வண்டி கிளம்பியதும் மேடம் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். "என்ன சொன்னார் அவரு?"

"ஒண்ணுமில்ல மேடம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அவர் சந்தோஷமாக இருந்தார், அதைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. வீட்டில் மாமியாருக்கும் மகனுக்கும் நடுவில் நான் படும் பாட்டில், அந்த வண்டிக்குள் இருந்த நேரம்தான் எனக்கு என்று இருந்தது. அதில் ஒரு மனத்தாங்கல் வருவதை நான் விரும்பவில்லை. இருபத்தியேழையும் நான் பார்க்க விரும்பினேன்.

மேடம் மேலே ஒன்றும் கேட்கவில்லை. வண்டி ஓடியது.

எட்டு நாள் கழித்து, சாயங்காலம் ஆறு மணி இருக்கும், வருடத்தின் முதல் கோடைமழை இறங்கியது. நாகரபாவி தாண்டி நாயண்டஹள்ளிக்கு இறங்கும் சரிவில் வந்துகொண்டிருந்தோம். மாதக்கணக்கில் ரோட்டில் படிந்திருந்த எண்ணெயும் தூசும் தண்ணீரோடு கலந்து நுரைத்து ஓடியது. முன்னால் ஒரு பஸ். மேடம் வழக்கம்போல் இடம் விட்டிருந்தார். பஸ் நின்றது. மேடம் மிதித்தார், எப்போதும்போல் மெதுவாக. வண்டியின் வேகம் குறையவில்லை. அழுத்தி மிதித்தார். அந்த இரண்டு வருடத்தில் அவர் அப்படி மிதித்து நான் பார்த்ததே இல்லை. கீழே சக்கரங்கள் ரோட்டையே தொடவில்லை என்பது உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. தண்ணீரின் மேல் மிதந்தோம். பின்பக்கம் வளைந்து சுற்றியது. டிவைடரில் டமாரென்று மோதி, ரோட்டுக்குக் குறுக்கே நின்றோம்.

அந்த ஒரு கணம், தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் பக்கவாட்டில் இரண்டாவது சத்தம் கேட்டது. பின்னால் வந்த ஒரு ஸ்கூட்டர், குறுக்கே நின்ற எங்கள் கதவில் வந்து மோதியிருந்தது.

ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். பின்னால் அவருடைய மகள், ஏழெட்டு வயது, பள்ளிச் சீருடையில். குழந்தைக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும். அவரால் இடது கையைத் தூக்க முடியவில்லை. மேடம் வெறுங்காலோடு மழையில் இறங்கி ஓடினார். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். செந்திலின் நெற்றி முன்னால் இடித்து வீங்கியிருந்தது. அவன்தான் ஓர் ஆட்டோவை நிறுத்தினான்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது, "டெய்லர்" என்று அவர் சொன்னார். மேடம் சுவரில் சாய்ந்துகொண்டார்.

சற்று நேரத்தில் டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். வயதானவர், நல்ல மாதிரி. டெய்லரே அவரிடம், மழை சார், அந்த அம்மா என்ன செய்வார்கள் என்று கன்னடத்தில் சொன்னார். போலீஸ்காரரும் நோட்டைப் பிரித்தபடி, "மளேலி சகஜ மேடம்" என்றார். மழையில் இதெல்லாம் சகஜம் என்று.

"மளே அல்ல சார்" என்றார் மேடம். "டயரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். செந்தில் மேடத்தின் பக்கத்தில் போய்க் குனிந்து மெல்லச் சொன்னான். "மேடம், மழைன்னே இருக்கட்டும். அவங்களே சொல்றாங்க. இன்ஷூரன்ஸ் எல்லாம் இருக்கு. ப்ளீஸ்."

"மழை எல்லாருக்கும்தான் பேஞ்சுது செந்தில். பஸ் நின்னுது. ஆட்டோ நின்னுது. என் வண்டி நிக்கலை."

அப்புறம் போலீஸ்காரரிடம் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். டயர் தேய்ந்துவிட்டது எனக்குத் தெரியும், மாற்றாமல் ஓட்டினேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். எனக்கும் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கையில் குழந்தையின் பள்ளிப் பையை வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு, வண்டி இழுத்துப்போய் நிறுத்தப்பட்டிருந்த இடத்துக்குப் போனார். கைப்பையிலிருந்து ஆழம் அளக்கும் கேஜை எடுத்தார். அவருடைய லேபில் இருப்பது. ஒரு சக்கரத்துக்கு மூன்று இடம் வீதம் நான்கு சக்கரத்தையும் சேற்றில் மண்டியிட்டு அளந்தார். அவர் எண்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்று புள்ளி ஒன்று. ஒன்று. பூஜ்யம் புள்ளி ஒன்பது. ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயரை ஓட்டவே கூடாது என்று சட்டம். பன்னிரண்டு எண்ணில் ஒன்றுகூட அந்த அளவுக்கு வரவில்லை. கடைசிச் சக்கரத்தை முடித்ததும் எழுந்து நின்று கேஜைத் துணியால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது என் டேபிள் டிராயர்லயே இருக்குது கலா. மூணு வருஷமா. ஒரு தடவை கொண்டுவந்து வச்சிருக்கலாம்" என்றார்.

அந்தத் தாளில் கீழே கையெழுத்துப் போட்டுக் காவல் நிலையத்தில் கொடுத்தார். இப்படி யாரும் தன் மேலேயே எழுதிக் கொடுத்ததில்லை என்று அந்தப் பெரியவர் தலையைச் சொறிந்தார். கேஸ் நடந்தது. கோர்ட்டில் நின்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். அவருடைய வீட்டுக்காரர் ஒரு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை என்று செந்தில் சொன்னான்.

டெய்லர் கெங்கேரிப் பக்கம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மேடம் அங்கே போவார். பஸ்ஸில். சிகிச்சைச் செலவையெல்லாம் ஏற்றுக்கொண்டார், அது ஆஸ்பத்திரியிலேயே முடிவாகியிருந்தது. அதற்குமேல் அவர் அங்கே போய் என்ன செய்வார் என்று நான் யோசிப்பேன். ஒரு வாரம் கூடப் போனேன். ஒன்றும் செய்யவில்லை. டெய்லர் சுவரைத் தொட்டுக் கையை மேலே மேலே ஏற்றும் பயிற்சி செய்தார். மேடம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். குழந்தை ஹோம்வொர்க் நோட்டைக் கொண்டுவந்து காட்டியது. கிளம்பும்போது டெய்லரின் மனைவி மேடத்துக்குக் குங்குமம் வைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அதற்குமேல் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"மேடம், அன்னிக்குப் பஞ்சர் கடைக்காரர் எங்கிட்ட சொன்னாரு. மழை வந்தா வண்டி நிக்காது, மேடம்கிட்ட எடுத்துச் சொல்லுங்கன்னு. நான் சொல்லல. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"தெரியும்" என்றார். "நீங்க நகத்தை வச்சிப் பாத்ததை நான் கண்ணாடி வழியா பாத்தேன். அவரு என்ன சொல்லியிருப்பார்னு எனக்குத் தெரியாதா? கேட்டுட்டு, நீங்க சொல்லிடக் கூடாதேன்னு பயமா இருந்துது. ஒண்ணுமில்லன்னீங்க. அப்பாடான்னு இருந்துது."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குலுங்கி நின்றது.

வண்டி சரியாகி வந்தது. நான்கு புது டயர். காற்று இப்போது ஸ்டிக்கரில் இருக்கிறபடி முப்பத்திமூன்று. "வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க ரெண்டு பேரும்" என்று எங்களிடம் சொல்லியிருந்தார். முதல் நாள் காலை ஏழரைக்கு அவர் வாசலில் இறங்கியபோது, நானும் செந்திலும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். கதவைத் திறந்துவிட்டார். செருப்பைக் கழற்றினார். முன்னால் இடம் விட்டார், ஆட்டோக்கள் நுழைந்தன, செந்தில் முனகினான். எல்லாம் பழையபடிதான். பீன்யாவில் நிறுத்தியதும் எண்ணைப் படிக்காமல் இறங்கிவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். இருபத்தொன்று புள்ளி ஐந்து. அதற்குப் பிறகு ஒருநாளும் அதை அவர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்கவில்லை. மழை பிடித்தால் ஏதாவது மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்கி, விடும் வரைக்கும் நின்றுவிடுவார். நாங்கள் தாமதமாகப் போய்த் திட்டு வாங்குவோம்.

அடுத்த வருடம் செந்தில் வேலை மாறிப் போனான். போவதற்கு முன்னால் என்னிடம் தனியாகச் சொன்னான். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவங்கள வாயை மூடச் சொன்னேன் பாத்தீங்களா அக்கா. இப்ப நெனச்சாலும் காது சுடுது."

டெய்லரின் கை முக்கால்வாசி சரியானது. முழுக்கத் தலைக்குமேல் போகாது. துணி வெட்ட அது போதும் என்று அவரே சிரித்தபடி சொன்னாராம். மேடம் என்னிடம் அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "முக்கால்" என்றார்.

அவர் ஓய்வுபெற்றபோது மகளோடு இருப்பதற்காக மைசூருக்குப் போவதென்று முடிவாயிற்று. வண்டியை விற்க வேண்டும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வீட்டுச் சாமான் கட்ட உதவிக்குப் போயிருந்தேன். வண்டி பார்க்க வந்த முதல் இரண்டு பேரும் வந்த வேகத்தில் போனார்கள். காரணம் மேடமேதான். அவர்கள் சாவியைக் கையில் வாங்குவதற்குள், இடது கதவைக் காட்டி, இதில் ஒரு ஸ்கூட்டர் மோதியது, ஒருவருக்குத் தோள் முறிந்தது, தப்பு என்னுடையது என்று ஆரம்பித்துவிடுவார். ஆக்ஸிடென்ட் வண்டி என்று அவர்கள் முகம் மாறிவிடும்.

"மேடம், இதையெல்லாம் கேட்டா சொன்னா போதாதா?" என்றேன்.

"கேக்கத் தெரியாதவங்களும் வாங்குவாங்களே கலா" என்றார்.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண். அத்திபெலேயில் பள்ளி ஆசிரியை. முப்பத்தைந்து வயதிருக்கும், தனியாகத்தான் வந்திருந்தாள். மேடம் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும், "இப்ப டயர் எப்படி இருக்குங்க?" என்றாள்.

மேடம் உடனே சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணும் உட்கார்ந்தாள். "இங்க விரலை வைங்க. இந்தப் பள்ளத்துக்குள்ள சின்னதா மேடு ஒண்ணு தெரியுது பாருங்க. டயர் அந்த மேட்டைத் தொட்டுச்சின்னா அன்னிக்கே மாத்திடணும். நாளைக்கின்னு இருக்கக் கூடாது." அந்தப் பெண் விரலை வைத்துத் தடவினாள். "மாசத்துக்கு ஒருவாட்டி பாக்கறேங்க" என்றாள். இரண்டு பேரும் அப்படியே நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்தார்கள். மைலேஜ் எவ்வளவு தரும் என்று அவள் கடைசியில்தான் கேட்டாள். "அது நீங்க ஓட்டறதைப் பொறுத்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேடம் சாவியைக் கொடுத்தார்.

அடுத்த வாரம் தாள்களெல்லாம் முடிந்து அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போன அன்று, நானும் மேடமும் வாசலில் நின்றிருந்தோம். தெருமுனையில் வண்டி மெதுவாகத் திரும்பி மறைந்தது. மேடம் செருப்புப் போட்ட கால்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அன்றைக்கு டெய்லரின் மகளுக்குப் பிறந்தநாள், எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள்.

"போலாமா?" என்றார் மேடம், வண்டி எப்போதும் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தபடியே.

இரண்டு எட்டு வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. திரும்பி என்னைப் பார்த்தார். சிரித்தோம். சிரித்து முடித்து, அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரைக்கும் காத்திருந்து, "போலாம் மேடம்" என்றேன். பஸ் பிடிக்க மெயின் ரோட்டுக்கு நடந்தோம்.